ஆயில் குடிக்கும் இன்ஜின்: இறக்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர் இன்ஜின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது 98,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன சர்வீஸுக்குப் பிறகு 7,000 கி.மீ. ஓடிய நிலையில், ஒரு ரவுண்டானாவில் திரும்பும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து அணைந்தது. பட்டறையில் ஒன்றரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தொட்டது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. "இன்ஜின் ஆயில் குடிக்குது, பிஸ்டன் ரிங் போயிருக்கும், இறக்கிடலாம், 45,000 ஆகும்" என்கிறார் மெக்கானிக். இன்னொருவர், கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலுக்கு மாறினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 7,000 கி.மீ.க்கு ஒன்றரை லிட்டர் என்றால், ஒரு லிட்டர் ஆயில் ஏறக்குறைய 4,700 கி.மீ.க்கு வந்திருக்கிறது. ஒரு லட்சத்தை நெருங்கும் இன்ஜினுக்கு இது இறக்கிப் பார்க்க வேண்டிய அளவே அல்ல. ஃபோக்ஸ்வேகன் குழும கார்களின் கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்று போட்டிருக்கிறது. டொயோட்டாவின் சில மாடல்களின் கையேடுகள் 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஒப்புக்கொள்கின்றன. தயாரிப்பாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்ட தாராளமான எல்லைகள்தான் அவை, அதை நானும் மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் வண்டி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அப்படியானால் விளக்கு ஏன் எரிந்தது? 7,000 கி.மீ. வரை யாரும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கவில்லை, அதனால்தான். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இன்ஜின்கள் பெரும்பாலும் சாவது இந்த இடத்தில்தான். அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று காட்டுகிறது. சின்ன கார்களில், இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர்தான் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் குறைந்தால், வண்டி வளைவில் திரும்பும்போது மிச்ச ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நொடியில் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. ஆயில் குறையத் தொடங்கும்போதே எச்சரிக்கும் விளக்கு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி, உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டக் கூடாது. நாலு லிட்டர் டப்பாவின் விலையில் முடிய வேண்டிய விஷயம் கிராங்க் வேலையில் போய் நிற்பது அப்படித்தான்.

உங்களுக்கு ஒரு முறைதான் எரிந்து உடனே அணைந்திருக்கிறது, அதனால் பெரிய சேதம் இருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் தீர வேண்டுமென்றால், ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைகளில் உள்ள தோராயக் கணக்கு. உங்கள் மாடலுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இனி அளக்கும் வேலை. போன சர்வீஸில் மேல் கோடு வரை ஊற்றினார்களா என்று உங்களுக்குத் தெரியுமா? மூன்று லிட்டர் டப்பாவைக் காலி செய்துவிட்டு, ஃபில்டருக்குள் போகும் ஆயிலைக் கணக்கில் சேர்க்காமல் மூடி போடும் பட்டறைகள் உண்டு. தொடக்கத்திலேயே அரை லிட்டர் குறைவாக இருந்திருந்தால், இன்ஜின் குடித்தது ஒரு லிட்டர்தான். அதனால் இப்போது மேல் கோட்டில் இருக்கும் நிலையிலிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்குங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். கி.மீ. எண்ணைக் குறித்து வையுங்கள். 500 கி.மீ.க்கு ஒரு முறை அதே இடத்தில், அதே மாதிரி பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருப்பது சுமார் ஒரு லிட்டர். பாதிக்கு இறங்கினால், அளவுக் கோடு போட்ட பாட்டிலால் அளந்து ஊற்றி, அதையும் எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், அந்த ஆயில் மூட்டம் காற்று போகும் இன்டேக் வழியாக உள்ளே போய் எரியும். ஆயில் குடிக்கிறது என்று பயந்து அதிகமாக ஊற்றி, அதனாலேயே குடிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி 2,000, 3,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் 3,000 கி.மீ.க்கு மேல் வந்தால் எதையும் கழற்ற வேண்டாம் என்பேன். 1,500 கி.மீ.க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். 1,000-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடக் கூடாது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே, அதுதான் காரணம். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் எரிந்து அதன் மேல் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைச் செயலிழக்க வைக்கும்.

காரணம் தேடும்போது கசிவிலிருந்து தொடங்குங்கள். தரையில் சொட்டு இல்லை என்பது போதாது. ஓடும்போது, சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் கசியும் இடங்கள் உண்டு. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஆயிலைத் தாங்கிக்கொள்ளும், சைலன்சர் குழாய் மேல் விழுந்தது ஆவியாகிப் போய்விடும். இன்ஜினின் வெளிப்பக்கத்தைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி 20 கி.மீ. ஓட்டிவிட்டு வந்தால் ஈரக் கோடு காட்டிக்கொடுக்கும். டேப்பட் கவர் பாக்கிங், ஆயில் ஃபில்டர், டிரெயின் நட் வாஷர், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். பிளக் இறங்கும் குழியில் ஆயில் நின்றால் அதைக் காட்டி 'ரிங் போச்சு' என்று சிலர் சொல்வார்கள். அது மேலே இருக்கும் டியூப் சீல் கசிவு. ரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் கீழ்முனை, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் பகுதி, நனைந்தோ சாம்பல் கட்டியோ இருந்தால்தான் உள்ளே எரிகிறது என்று அர்த்தம்.

அடுத்து பி.சி.வி. வால்வு. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் சின்னச் சாமான் அது. திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஆயில் ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி சீல்களைப் பிதுக்கும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. பலமாக இழுத்து விசில் சத்தம் வந்தாலும், காகிதத்தைத் தள்ளிவிட்டாலும் அங்கே வேலை இருக்கிறது. தனியாகக் கழற்றும்படி இருக்கும் கார்களில் இதை மாற்றுவது பெரிய செலவில்லை. 45,000 ரூபாய் பேச்சுக்கு முன்னால் இதைப் பார்க்காத மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன்.

இதற்கும் மேலே மிச்சம் இருப்பது, வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் இரண்டும்தான். இவற்றைப் பிரித்தறியப் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் எரிவதால் வருவது, வெள்ளை நீராவியாகவோ கூலன்ட்டாகவோ இருக்கும். ஆயில் எரிந்தால் நீலம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் பக்கம் சந்தேகம் போகும். ஏற்காடோ குன்னூரோ இறங்கும்போது இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபடியே வருகிறீர்கள். இன்டேக்கில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும், தேய்ந்த சீல் வழியாக ஆயில் இறங்கும். அடிவாரத்தில் அழுத்தி மிதித்ததும் பின்னால் வருபவருக்கு நீலம் தெரியும். ஏற்றத்திலும் வேகமெடுக்கும்போதும் விடாமல் புகை தள்ளினால் ரிங். உங்களைப் போல மெதுவாகக் குறையும் இன்ஜினில் கண்ணுக்குப் புகையே தெரியாது, அதனால் 'புகை இல்லை, ஆயிலும் எரியவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

வால்வு சீல்தான் என்று உறுதியானால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமலே பல இன்ஜின்களில் மாற்றலாம். பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தோ, கயிற்றை உள்ளே திணித்து பிஸ்டனால் அழுத்தியோ வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொள்வார்கள். இந்த வேலை தெரிந்த ஆளைத் தேடிப் போவது லாபம்.

ரிங் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து எல்லா சிலிண்டரும் சரியாக இருந்தால் ரிங் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு கட்டுவார்கள். கம்ப்ரஷனைக் காப்பது மேலே இருக்கும் ரிங்குகள். ஆயிலை வழிப்பது அவற்றுக்குக் கீழே, இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளும் நடுவில் ஸ்பிரிங்கும் கொண்ட ஆயில் ரிங். அதன் பின்னால் பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகத்தான் வழித்த ஆயில் சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். துளைகளில் கரி அடைத்தால் ஆயில் மேலேயே தங்கி எரியும், ஆனால் கம்ப்ரஷன் புத்தம் புதிதுபோல் காட்டும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் உலகம் முழுக்கப் பெயர் கெட்டது இப்படித்தான். அமெரிக்காவில் வாரன்டியை நீட்டி பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக்கொடுத்தார்கள்.

இப்படிக் கரி கட்டுவதில் நம் ஊர் ஓட்டத்துக்கும் பங்குண்டு. 10,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் போனால் அது 500 மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலையில் 60-இல் போகிறவருக்கு அதே தூரம் 170 மணி நேரம்கூட ஆகாது. ஆயில் கெடுவது மணிக்கணக்கில். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ.யில் நல்ல ஆயிலாக மாற்றிவிடுங்கள்.

கரியால் ஒட்டிய ரிங்கை இறக்காமல் விடுவிக்க ஒரு வழி உண்டு. பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்களைப் பாதி உயரத்தில் நிறுத்தி, கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ராத்திரி முழுக்க ஊற விடுவது. காலையில் மிச்சத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பற்றவைப்பையும் பெட்ரோலையும் துண்டித்து, பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால், உள்ளே மிஞ்சிய திரவத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். சில வண்டிகளில் நன்றாகவே கேட்கும், சிலவற்றில் ஒன்றும் நடக்காது. இறக்குவதற்கு முன் முயன்று பார்க்கத் தகுந்த செலவுதான்.

20டபிள்யூ-50 பற்றிக் கேட்டீர்கள். கெட்டியான ஆயில் கொஞ்சம் குறைவாக எரியும், அது உண்மை. ஆனால் இன்றைய இன்ஜினின் வால்வு டைமிங் அமைப்பும் செயின் டென்ஷனரும் மெல்லிய ஆயிலை நம்பிச் செய்தவை. அடைத்த துளையை எந்த கெட்டி ஆயிலும் திறக்காது. விலை குறைந்த மினரல் ஆயிலாக இருந்தால் கரியைக் கூட்டும். கையேட்டில் ஆயில் அட்டவணை இருக்கும். அதில் அனுமதித்திருந்தால் 0டபிள்யூ-20-இலிருந்து 5டபிள்யூ-30-க்கோ, 5டபிள்யூ-30-இலிருந்து 5டபிள்யூ-40-க்கோ ஒரு படி ஏறலாம், அதற்கு மேல் வேண்டாம். 'புகை நிறுத்தி' என்று விற்கும் பசை போன்ற மருந்துகளை வாங்க வேண்டாம். அவை அதிகம் பயன்படுவது பழைய காரை விற்பவர்களுக்குத்தான். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அந்த முதல் நீலப் புகையைப் பார்க்க மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவது நல்லது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். வருடம் 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், இப்போதைய வேகத்தில் குறைகிறது என்றால் கூடுதலாகச் சுமார் இரண்டு லிட்டர்தான் வேண்டும். லிட்டர் 600 ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய். டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் டப்பா இருக்கட்டும்.

அளந்து பார்த்தபின் எண் மோசமாகி, இறக்கியே ஆக வேண்டும் என்றால், வெறும் ரிங் மாற்றுவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சிலிண்டர் போரை மேலும் நடுவிலும் கீழும் அளந்து, தேய்மானத்தையும் நீள்வட்டத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அளவுக்குள் இருந்தால், உள்சுவரை லேசாகச் சொரசொரப்பாக்கும் ஹோனிங் செய்துதான் புது ரிங் போட வேண்டும். பளபளத்த போரில் புது ரிங் உட்காராது. அதற்குப் பதிலாகப் பழைய இன்ஜின் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால், பிளாக் மாறினால் இன்ஜின் நம்பரும் மாறும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும். வாங்கும்போதே அந்த இன்ஜினுக்கான பில்லைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.