கம்பெனியில் வடக்கத்திப் பிள்ளைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊர்ப் பெண்களோடு ஒடிசா, அசாம் ஆட்களும் வேலை பார்க்கிறார்கள். அசாம் பெண்களைச் 'சைனாக்காரி', 'சப்பை மூக்கு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒருவருடைய போன் காணாமல் போனபோது, இவர்கள் பைகளை மட்டும் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். பிறகு ஐஸ் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போன் கிடைத்தது. யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மேனேஜர் "விளையாட்டுக்குச் சொல்றதைப் பெரிசாக்காதே" என்கிறார். உள்ளூர் அக்காமார்களோ "இவங்க வந்துதான் எங்க கூலி ஏறாமக் கிடக்கு" என்கிறார்கள். எல்லோரும் இந்தியர்தானே, இதை இனவெறி என்று சொல்லலாமா? நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

தாராளமாகச் சொல்லலாம். நிறம், வம்சாவளி, இனக்குழு எதை வைத்து ஒருவரை ஒதுக்கினாலும் அது இனப்பாகுபாடு என்கிறது 1965-ன் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியாவும் 1968-ல் அதை ஏற்றுக்கொண்டது. வம்சாவளி என்பதில் சாதியும் சேரும் என்று அதைக் கண்காணிக்கும் குழு 2002-ல் சொன்னதை மட்டும் நம் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அது தனி வழக்கு. ஆனால் உங்கள் கொட்டகையில் நம்மூர்ப் பெண்களுக்குள்ளேயே யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள்.

விளையாட்டு என்கிறாரே மேனேஜர், 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததும் விளையாட்டாகத்தான் தொடங்கியிருக்கும். அடிதடியாகி, மறுநாள் அந்தப் பையன் செத்துப்போனான்.

நம் கரைக்காரர்கள் இதை மறந்திருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். மண்டபம் கேம்ப் என்று ஸ்டேஷனுக்கே பெயர் இருக்கிறதே, அந்த முகாம் எதற்கு வந்தது? இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நோய்ப் பரிசோதனைக்காக நாள்கணக்கில் அடைத்துவைக்க, சிலோன் அரசே நடத்திய முகாம் அது. ஒருகாலத்தில் தோட்டத்தின் எண் அடித்த தகரத் துண்டைக் கொடுத்து ஆளை அனுப்பினார்கள். போன இடத்தில் 'கள்ளத்தோணி' என்று பெயர். 1948-ல் குடியுரிமையும் போயிற்று. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவாகி, கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் 'சிலோன்காரன்'. பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களும் அதே மண்டபம் முகாமில்தான் தங்கினார்கள். இத்தனையும் பார்த்த ஊரில் அசாம் பெண் சைனாக்காரியா?

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். நல்லிணக்கக் கூட்டம், உறுதிமொழி எல்லாம் வேண்டாம். பிஸ்கட் தின்றுவிட்டுக் கலைந்துபோவார்கள். நீங்கள் தராசிலிருந்து தொடங்குங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றுதானே கூலி? எண் தெரிகிற முகப்பு யார் பக்கம் திரும்பியிருக்கிறது? உங்கள் பக்கம்தான் இருக்கும். அதைச் சதை எடுத்தவள் பக்கம் திருப்பி வையுங்கள். தட்டின் எடையை அவள் கண்முன்னால் கழியுங்கள். சொட்டுகிற தண்ணீருக்கென்று ஐம்பது கிராம் தள்ளுவதாக இருந்தால் எல்லோருக்கும் தள்ளுங்கள். நோட்டில் 'அசாம் 1', 'அசாம் 2' என்று இருந்தால் அடித்துவிட்டுப் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்று யாராவது சொன்னால், ஏற்றுமதிப் பெட்டியில் இருக்கிற கம்பெனிப் பெயரெல்லாம் எப்படி நுழைந்தது என்று கேளுங்கள்.

கேலி காதில் விழுந்தால் அங்கேயே, சத்தம் போடாமல், "அந்தப் பொண்ணுக்குப் பேர் இருக்கு" என்று சொல்லுங்கள். அப்புறமாகத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், கேலிக்கு ஆளானவளுக்கு நீங்கள் பேசியதே தெரியாது. பைகளைக் கொட்டிய இடத்திலேயே, அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்கள் முன்னாலேயே வருத்தமும் சொல்ல வேண்டும். இனிமேல் சோதனை என்றால் உங்கள் பையும் மேனேஜர் பையும் சேர்த்துத்தான் என்று ஆகட்டும்.

அக்காமார்களின் குறையை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். கூலி ஏறவில்லை என்பது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்து ஓடு உடைக்கிற பெண் இல்லை, அவளைக் குறைந்த ரேட்டுக்குக் கூட்டிவந்த காண்டிராக்டர். ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ அதேதான் வெளிமாநில ஆளுக்கும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் அந்த நியாயம் மாறவில்லை. அவளுக்கு ரேட் சரியாகக் கிடைத்தால் இவர்கள் கூலியைப் பிடித்துவைக்க ஆள் இருக்காது. இதை அந்த அக்காமார்களில் வாய் உள்ள ஒருவரிடம் முதலில் பேசுங்கள். மற்றவர்களிடம் அவர் பேசிக்கொள்வார். நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.

மேனேஜரிடம் மனிதாபிமானம் பேசிப் பார்த்துவிட்டீர்கள், வேலைக்கு ஆகவில்லை. நண்டுச் சதை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளில் பல, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதுண்டு. அந்த ஆடிட்டர் அசாம் பெண்ணை உட்காரவைத்து, அவளுக்குத் தெரிந்த மொழியிலேயே கேள்வி கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.