ஸ்டார்ட் ஆகாத டீசல் இன்ஜினும் அதன் புகையும்: சில கேள்விகளுக்குப் பதில்

சின்ன டீசல் இன்ஜின்கள் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பலரும் கேட்பது "நாசிலை மாற்றலாமா, பம்பைப் பிரிக்கலாமா" என்றுதான் (பம்ப் தள்ளும் டீசலை சிலிண்டருக்குள் தூவுவதுதான் நாசில்). தயவுசெய்து அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள். இன்ஜினைச் சுற்றும்போது சைலன்சரில் என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒற்றை சிலிண்டர் இன்ஜின். காலையில் எவ்வளவு ஹேண்டில் போட்டாலும் எடுப்பதில்லை, வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுவென்று வருகிறது. ஒருவழியாக எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் புகை நின்று நன்றாகவே ஓடுகிறது. புது நாசில் போட்டும் சரியாகவில்லை.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போய்விட்டது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். அதனால் டேங்க், ஃபில்டர், பம்ப் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் இன்ஜினுக்கு இல்லாதது சூடு. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினாலோ, நெருக்கிய காற்று எங்கேயாவது கசிந்தாலோ அந்தச் சூடு வராது. ஓடி எல்லாம் சூடானதும் உங்களுக்குப் புகை நின்றுவிடுவதும் இதனால்தான்.

முதலில் சுற்றும் வேகம். டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து வைத்து லேசாகச் சுற்றவிடும் லீவர்) தூக்கி, ஃப்ளைவீல் நல்ல வேகம் பிடித்த பிறகு விடுங்கள். குளிர் நேரத்தில் தடிமனான ஆயில் ஊற்றியிருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் வேகம் வராது, கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று பாருங்கள். (செல்ஃப் உள்ள இன்ஜின் என்றால் சுற்றும்போது பேட்டரியில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், 12 வோல்ட் பேட்டரி 9.5-க்குக் கீழே போனால் பேட்டரியையும் கேபிள் முனைகளையும் கவனியுங்கள். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இருந்தால் அதையும்.)

அடுத்து டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி. இதை யாரும் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) அரை மணி நேரமும் போதும். வால்வும் அதன் சீட்டும் தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே வரும், கடைசியில் வால்வு முழுசாக மூடாது. டீகம்ப்ரஷன் லீவர் தப்பாக அட்ஜஸ்ட் ஆகியிருந்தாலும் அதே கதைதான், வால்வை மயிரிழை திறந்தே வைத்திருக்கும்.

அதுவும் சரி என்றால், லீவரை இறக்கிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் திருப்பித் தள்ளும். தள்ளாமல் 'உஸ்' என்று போனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்: ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்லெட் வால்வு, சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் என்றால் பிஸ்டன் ரிங். சந்தேகம் தீரவில்லையா, நாசிலைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி மாட்டிச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் ஏறினால் ரிங், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், ஆயிலை நெருக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்னொன்று, நாசில் மாற்றியபோது அடியில் இருந்த பழைய செம்பு வாஷரை எடுத்தார்களா? பழையதன் மேலேயே புதியதைப் போட்டு இரண்டாக விட்டுவிட்டால் நாசில் முனை மேலே ஏறிவிடும், டீசல் சரியான இடத்தில் தூவாது.

கேள்வி: டேங்கில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. நிரப்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை. புகையே இல்லை.

புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. டீசல் போகும் பாதையில் ஏர் பிடித்திருக்கிறது. ஃபில்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்குங்கள். அப்புறம் பம்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி இன்ஜினைச் சுற்றி, டீசல் விட்டுவிட்டுத் தெறித்ததும் இறுக்குங்கள். அதற்குப் பிறகு சுற்றும்போது நாசிலில் 'கர்க்' என்று சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. ஸ்டாப் லீவர் நிறுத்தும் நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே பார்த்துவிடுங்கள்.

நாசிலை வெளியே மாட்டித் தூவல் பார்க்கிறேன் என்று கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். 150, 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஏர் எடுத்தால் நன்றாக ஓடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் ஏர். கசிவு எங்கேயும் தெரியவில்லை.

உங்கள் டேங்க் இன்ஜினைவிடக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி என்றால் டேங்குக்கும் அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், இரவெல்லாம் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். அந்தக் குழாய்க்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், அல்லது ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம்.

கேள்வி: குளிர்ந்திருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஓடி நின்ற பிறகு சூட்டோடு எடுப்பதில்லை. ஆறினால் சரியாகிவிடுகிறது.

இதில் பம்பின் மேல் சந்தேகப்படலாம். உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் (இரண்டும் சேர்ந்ததுதான் எலிமெண்ட்) நடுவில் இடைவெளி சில மைக்ரான்தான். அது தேய்ந்துவிட்டால், சூட்டில் டீசல் இளகி அந்த இடுக்கில் வழிந்துவிடும், நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. உறுதி செய்ய, இன்ஜின் நின்றிருக்கும்போது ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள், உடனே எடுத்தால் எலிமெண்ட் தேய்ந்துவிட்டது. ஓடும் பம்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். எலிமெண்ட் மாற்றுவது டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரின் வேலை, வீட்டில் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: லோடு ஏறினால் கறுப்புப் புகை.

காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், சைலன்சரில் கரி அடைத்திருக்கிறதா பாருங்கள், இன்ஜினின் சக்திக்கு மீறிய லோடு கொடுக்கிறீர்களா என்று யோசியுங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் நாசில். டீசல் அளவுக்கு வரம்பு வைக்கும், சீல் வைத்த ஃபியூயல் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்.

கேள்வி: ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உடனே எடுக்கிறது. தினமும் அடிக்கலாமா?

கூடாது. நேரம் வருவதற்கு முன்பே அது வெடித்துப் பற்றுவதால் ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் இன்லெட் குழாயிலேயே தீப்பற்றிக்கொள்ளும். அடித்தால் மட்டும் எடுக்கிறது என்றால் டீசலைப் பற்றவைக்கும் சூடு உள்ளே இல்லை, முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நீலப் புகை வருகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைய வேண்டியது, கூடுகிறது!

இன்ஜினை இப்போதே நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வந்தால் பம்ப் வழியாகவோ ஒழுகும் நாசில் வழியாகவோ டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் இளகி பேரிங் போகும் என்பது ஒருபக்கம். அதைவிட மோசம், மட்டம் ஏறிய ஆயிலை பிரீதர் (ஆயில் அறையின் காற்றுக் குழாய்) வழியாக இன்ஜின் உறிஞ்ச ஆரம்பித்தால் டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள், கையாலோ துணியாலோ அல்ல. முடியவில்லை என்றால் இன்ஜினுக்கு எதிரே நிற்காமல் விலகிவிடுங்கள். கசிவைச் சரிசெய்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்வரை அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.