லாக்-கான்கேவ் டென்சிட்டி பத்தி கேட்டிருந்தீங்க (டேட்டா எங்க எவ்ளோ அடர்த்தியா விழும்னு காட்டற வளைவுதான் டென்சிட்டி; அதை டேட்டாலேருந்து கணிக்கற ஒரு முறை இது)

லாக்-கான்கேவ்னா என்ன சார், சுருக்கமா?

டென்சிட்டிக்கு லாக் எடுத்து வரைஞ்சா கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கணும், நடுவுல எங்கயும் குழி விழக்கூடாது. நார்மல், யூனிஃபார்ம், எக்ஸ்பொனென்ஷியல், லாப்லாஸ் எல்லாம் இதுல சேரும். காஷி, பரேட்டோ, லாக்நார்மல் சேராது.

கெர்னல் முறைல (ஒவ்வொரு புள்ளி மேலயும் சின்ன மேடு வச்சு கூட்டறது) பேண்ட்விட்த், அதாவது அந்த மேட்டோட அகலத்தை, மாத்தி மாத்தி நொந்துட்டேன், இதுலயும் அந்த தொல்லை உண்டா?

கிடையாது, எனக்கு இந்த முறை இவ்ளோ பிடிக்கறதே அதனாலதான். லைக்லிஹுட், அதாவது ஒரு டென்சிட்டி நம்ம டேட்டாவுக்கு எவ்ளோ பொருந்துதுங்கற அளவு, எதுக்கு அதிகபட்சமோ அந்த டென்சிட்டியை எடுத்துக்கறதுதான் முறை. எந்த டென்சிட்டி வேணா இருக்கட்டும்னு விட்டுட்டா டென்சிட்டி ஒவ்வொரு டேட்டா புள்ளி மேலயும் ஊசியா ஏறி லைக்லிஹுட் முடிவில்லாம போயிடும், ஒரே உச்சிதான்னு சொன்னாலும் அது எங்கன்னு தெரியலைன்னா அதே கதைதான். லாக்-கான்கேவ்னு கட்டு போட்டா நிலைமையே மாறிடுது: ஒரு இடத்துல ஊசி ஏத்தினா, மொத்த பரப்பு 1 ஆகணுமே, மத்த புள்ளிகள்ல டென்சிட்டி அதைவிட வேகமா சரிஞ்சிடும், லைக்லிஹுட்டுக்கு நஷ்டம்தான். அதனால ரெண்டு வேற வேற புள்ளி இருந்தாலே விடை உண்டு, ஒண்ணே ஒண்ணுதான். லாக் எடுத்தா கூடாரத் துணி மாதிரி நேர்கோட்டு துண்டுகளா வரும், மடிப்பு விழறது டேட்டா புள்ளிகள்ல மட்டும். ஆர் (R) மென்பொருள்ல டூம்ப்கென், ரூஃபிபாக் எழுதின லாக்கான்டென்ஸ் பேக்கேஜ் இருக்கு, அதை போட்டு பாருங்க.

என் டேட்டாவோட மேக்ஸிமம் தாண்டினா நிகழ்தகவு 0-ன்னு வருது, கோட்ல தப்பா?

கோட் சரிதாங்க, இந்த எஸ்டிமேட் டேட்டாவோட எல்லைக்கு வெளிய 0 தான். சராசரி அப்படியே பொருந்தும், ஆனா வேரியன்ஸ் (டேட்டா பரவற அளவு) கொஞ்சம் சுருங்கிடும். அந்த குறையற வேரியன்ஸ் அளவுக்கு ஒரு நார்மலை கன்வல்யூஷன் பண்ணி (அதாவது அந்த நார்மலால வளைவை மங்கலாக்கி) சேர்த்தா வழவழன்னு ஆயிடும், லாக்-கான்கேவாவும் இருக்கும். அதே பேக்கேஜ்ல இந்த ஸ்மூத் வெர்ஷனும் இருக்கு.

ரெண்டு மூணு மாறிகளுக்கு?

முடியும். க்யூல், சாம்வர்த், ஸ்டீவர்ட் 2010-ல செஞ்சு காட்டினாங்க. மாறி கூடக்கூட கணக்கு ரொம்ப மெதுவாகும்.

டேட்டால ரெண்டு குழு கலந்திருக்கு, ஓட்டலாமா?

ஒரே சிக்மா (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், பரவல் அளவு) உள்ள ரெண்டு நார்மலை பாதிப்பாதி கலந்தா, சராசரிகளுக்கு நடுவுல தூரம் 2 சிக்மா வரைக்கும் லாக்-கான்கேவ்தான். அதுக்கு மேல போனா ரெண்டு உச்சி வந்திடும், இந்த முறையோ எர்ரர் எதுவும் காட்டாம உண்மைக்கு குல்பாக்-லெய்ப்லர் அளவுல (ரெண்டு டென்சிட்டி எவ்ளோ வேறன்னு அளக்கற ஒரு அளவுகோல்) கிட்டக்க இருக்கற ஒத்தை மேட்டை கையில கொடுத்திடும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். தயவுசெஞ்சு முதல்ல ஹிஸ்டோகிராம் போட்டு பாத்துடுங்க, குழு பிரியுதுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு லாக்-கான்கேவ் வச்சு கலவையா பொருத்துங்க.