சார்ஜ் செய்யும் பேட்டரி: எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களின் கேள்விகளுக்கு, மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பவர் எழுதிய பதில்கள்.

கேள்வி: ஐயா, விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறேன். நெற்றி விளக்குக்குப் பேட்டரி வாங்கியே காசு கரைகிறது. சார்ஜ் செய்யும் பேட்டரி போட்டால் வெளிச்சம் குறையுமாமே?

பதில்: அம்மா, நாள்தோறும் மணிக்கணக்கில் எரியும் உங்கள் விளக்குக்குத்தான் அது மிகவும் ஏற்றது. தீர்ந்ததும் எறிந்துவிடும் அல்கலைன் பேட்டரியில் 1.5 வோல்ட் என்றும் சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 1.2 வோல்ட் என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள்; ஆனால் அல்கலைன் பேட்டரியின் வோல்டேஜ் விளக்கைப் போட்டது முதலே படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்க, நிக்கல் பேட்டரியோ தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். தொடக்கத்தில் சற்று மங்கலாகத் தெரிந்தாலும் கடைசி நிரை வரை வெளிச்சம் பெரிதும் மாறாது. தீரும்போது மட்டும் சட்டென்று அணைந்துவிடும்; இருட்டில் மரங்களுக்கு நடுவே தவிக்காமலிருக்க, சார்ஜ் செய்த இன்னொரு செட் உங்கள் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: மூன்று பேட்டரி போடும் விளக்கில் பழையதையும் புதியதையும் கலக்கலாமா?

பதில்: கூடாது. பலவீனமான பேட்டரி முதலில் தீர்ந்ததும் மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளுவதால், அதன் துருவங்கள் தலைகீழாகி, உள்ளே வாயு சேர்ந்து, அது கசிந்து கெட்டுவிடும். ஒன்றாக வாங்கியவற்றின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரே எழுத்தைப் போட்டு, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள்.

கேள்வி: சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட்?

பதில்: வேண்டாம். அவை எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சாதாரண நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலும் சார்ஜை இழக்கும். நம் ஊர் வெக்கையில் இன்னும் விரைவாக இழக்கும். 2005-இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப் வகை இக்குறையைப் பெருமளவு நீக்கியது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் எடுப்பதற்கென வைத்திருக்கும் டார்ச்சுக்கு அந்த வகையையே வாங்குங்கள்.

கேள்வி: மலிவு சார்ஜரில் இரவு முழுவதும் விடலாமா, ஐயா?

பதில்: தம்பி, 2000 மில்லி ஆம்பியர் மணி (mAh) கொள்ளளவு கொண்ட பேட்டரியை 200 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் கணக்குப்படி 10 மணி நேரம்; ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் உண்மையில் 14 முதல் 16 மணி நேரம் ஆகும். மலிவானவற்றில் பல, நிறைந்த பிறகும் தாமாக நிற்பதில்லை. அதிகச் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கவனித்து நிறுத்தும் சார்ஜருக்குக் கூடுதலாகச் சில வெள்ளி கொடுப்பது தகும். அதே பருமனில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியும் கடைகளில் கிடைக்கிறது. அதை நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் ஒருபோதும் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும்.