டவர் இல்லாத மலையில் அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. நண்பர்கள் நால்வர் மேற்குத் தொடர்ச்சி மலையில் டிரெக்கிங் போக ஆரம்பித்திருக்கிறீர்கள். டவர் கிடைக்காத இடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் உதவி கூப்பிடுவது எப்படி? அமெரிக்காவில் இருக்கும் அண்ணனிடம் சாட்டிலைட் கருவி ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா? இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் கடைசியில்.

யூடியூப் வீடியோக்களில் பட்டனை அமுக்கியதும் ஹெலிகாப்டர் வந்து கயிறு இறக்குகிறது. நம் மலைகளில் உங்களைத் தேடி வரப்போவது யார் தெரியுமா? அந்தப் பகுதி வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், அடிவாரத் தீயணைப்பு நிலையத்தில் அன்று டியூட்டியில் இருப்பவர்கள், அவர்களுக்கு வழிகாட்ட மலைவாழ் மக்களில் ஒரு முதுவரோ பளியரோ காணிக்காரரோ. எல்லோரும் நடந்துதான் வருவார்கள். நீங்கள் நாலு மணி நேரம் ஏறிய இடத்துக்கு அவர்களும் ஏற வேண்டும். பிறகு கம்பில் போர்வையைக் கட்டி, டோலியில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆக, உங்கள் போன் அழைப்பு அவர்களைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். எங்கே வர வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும் என்பது அதில் தெளிவாக இருந்தால் சில மணி நேரம் மிச்சம். இல்லையென்றால் இருட்டில் பக்கத்து மலையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தகவலில் பாதியைக் கிளம்பும் முன்பே வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். எந்த ஊரில் ஏறுகிறோம், எந்த வழி, எங்கே இறங்குகிறோம், வண்டி நம்பர், வழிகாட்டியின் போன் எண், அந்த வனச்சரக அலுவலகத்தின் எண். எல்லாவற்றையும்விட முக்கியம், நேரம். "சாயங்காலம் வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. "ஆறு மணிக்கு இறங்கிப் போன் பண்ணுவோம், எட்டு வரை வரவில்லை என்றால் இந்த ரேஞ்சர் ஆபீஸுக்குக் கூப்பிடு" என்று சொல்லுங்கள். டவரே இல்லாவிட்டாலும், உங்கள் போன் பாறையில் விழுந்து நொறுங்கிப்போனாலும், இந்த ஏற்பாடு வேலை செய்யும். ஆளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கே ஊரைக் கூட்டும் அம்மாவும் வேண்டாம், பத்து மணிக்குக் குறட்டை விடும் நண்பனும் வேண்டாம். எனக்கு என் அக்கா. ஏழு ஐம்பத்தொன்பது வரை பொறுமையாக இருப்பார்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ 23 மலையேற்றக்காரர்களின் உயிரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் நீங்கள் உள்ளே போயிருப்பது ஒரு அலுவலகத்துக்காவது தெரிந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் போகிறவர்கள் அடிபட்டாலும் கேஸுக்குப் பயந்து, நாமே எப்படியாவது இறக்கிவிடலாம் என்று பகல் வெளிச்சத்தை வீணடிப்பார்கள். அப்படி யாராவது இதைப் படித்தால்: அபராதத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம், முதலில் போன் பண்ணுங்கள்.

சரி, மலைமேல் நடந்துவிட்டது. கூப்பிட வேண்டிய எண் 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அங்கே வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாக அவசர அழைப்பு போக வாய்ப்பு உண்டு. திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வருவதன் அர்த்தம் அதுதான். இந்தியாவில் 2017 முதல் விற்கும் போன்களில் அவசர பட்டன் வசதி இருக்க வேண்டும். ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறையோ ஐந்து முறையோ அமுக்க வேண்டும். சாதா போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், வீட்டிலேயே செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. ரோடு வரை ஆளைக் கொண்டுவந்துவிட்டால் 108.

எல்லைப் பக்கம் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேனியிலும் நெல்லையிலும் மலை முகட்டில் நிற்கும்போது போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கும் 112 அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரலாம். எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், தாலுகா, அடிவார ஊர் நாலையும் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். "பெரிய பாறைக்குப் பக்கத்துல, ஒரு ஓடை ஓடுது" என்றால் மலையில் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

டவர் எங்கே வரும் என்பதை வழிகாட்டியிடம் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். மலையில் ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும் காவலர்களுக்கும் அது அத்துப்படி. எங்களோடு வந்த ஒருவர், புல்மேட்டில் ஓரமாகக் கிடந்த ஒரு பாறையைக் காட்டி, அதன்மேல் ஏறி, கிழக்கே பார்த்து நின்று, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். இரண்டு கோடு வந்தது. ஓரடி கீழே இறங்கினார், போய்விட்டது. அந்தப் பாறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே டவர் பாறை. அப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் கூகுள் மேப்பைத் திறந்து நீலப் புள்ளியை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஏரோபிளேன் மோடில்கூட பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். மேப்பை மட்டும் முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தமிழ்நாட்டுக்குள் முதல் எண் 8க்கும் 14க்கும் நடுவிலும், இரண்டாவது 76க்கும் 81க்கும் நடுவிலும் இருக்கும். பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டோமா என்று சரிபார்க்க இது போதும். புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் சொன்னால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வந்து நிற்பார்கள்.

பேச முடியாத அளவுக்கு சிக்னல் விட்டுவிட்டு வந்தால் எஸ்எம்எஸ். வாட்ஸ்அப் இல்லை, சாதா எஸ்எம்எஸ், வீட்டில் தகவல் சொல்லி வைத்திருக்கும் அந்த ஆளுக்கு. இதில் ஒரு சூட்சுமம்: ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்தியில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் அடித்தால் 70தான். நீளமானால் துண்டு துண்டாகப் பிரிந்து போகும், ஒரு துண்டு மாட்டிக்கொண்டாலும் செய்தி அரைகுறை. தமிழ்ப் பற்றைக் கீழே இறங்கிக் காட்டிக்கொள்ளலாம், அங்கே ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டுங்கள். உதாரணத்துக்கு இப்படி (படிக்க வசதியாக இங்கே மட்டும் தமிழில்):

"தேனி மா, போடி தா. கொழுக்குமலை டு குரங்கணி பாதை. 10.0785, 77.2310. 4 பேர். ஒருவருக்கு வலது கால் முறிவு, நடக்க முடியாது, நினைவு உண்டு. டோலி வேண்டும். இங்கேயே இருப்போம். மணிக்கு முதல் 5 நிமிடம் போன் ஆன்."

அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. டவர் தேடித் தேடியே போன் செத்துப்போகும், குளிரில் இன்னும் சீக்கிரம். ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அணைத்துப் பைக்குள் போடுங்கள். சொன்ன நேரத்துக்கு மட்டும் திறந்தால் இரண்டு நாள்கூட ஓட்டலாம்.

இரண்டு நாள் என்பது மிகையில்லை. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழாவில் குறும்பாச்சி மலையில் ஒரு இளைஞர் சறுக்கி, செங்குத்தான பாறையின் ஒரு பொந்தில் சிக்கிக்கொண்டார். கோவையிலிருந்து கூப்பிடு தூரம். கையில் போன் இருந்தது, தானே பேசினார், தான் இருக்கும் இடத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார். எங்கே இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து பார்த்தும் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த ராணுவத்தினர் மேலே ஏறி, அங்கிருந்து கயிற்றில் இறங்கி அவரை மீட்டபோது ஏறக்குறைய 45 மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை. தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்த கதையே இது.

எனவே கூப்பிடுவதோடு வேலை முடியவில்லை. ஒரு ராத்திரி அங்கேயே இருக்கும்படி ஆகலாம் என்று நினைத்துத்தான் பை கட்ட வேண்டும். நம்மூர் மலையில் குளிர் என்ன செய்யும் என்று கேட்பார்கள். மழையில் நனைந்து, 2,000 மீட்டர் உயரத்துப் புல்வெளியில், காற்றில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவே செய்யும். நண்பர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, ஜிப்பைப் போடத் தெரியாமல் தடுமாறுகிறார் என்றால் உடனே ஈரத் துணியைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள். தரையின் ஈரம் ஏறாமல் பையின்மேல் உட்கார வையுங்கள். பெரிய குப்பைக் கவர் இரண்டு கொண்டுபோனால் போதும், அதுதான் ரெயின்கோட், அதுதான் கூடாரம். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். நனைந்தால் லேசில் காயாது.

வழி தவறினால் நின்றுவிடுங்கள். 'ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும்' என்று யாரோ ஒருவர் நிச்சயம் சொல்வார். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையைப் பிடித்தால் பெரும்பாலும் வருவது அருவியின் தலை. மேலே எங்கோ பெய்த மழை கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வரும். யானையும் காட்டுமாடும் தண்ணீருக்கு வரும் இடமும் அதுதான். ஓடையைவிட்டு, யானைத் தடத்தைவிட்டு, மேடான பாறைப் பக்கம் உட்காருங்கள்.

அப்புறம் விசில். ஆளுக்கொன்று, கழுத்தில். தொண்டை அரை மணியில் கட்டிவிடும், விசில் கட்டாது. மூடுபனியில் டார்ச்சைவிடச் சத்தம்தான் எட்டும். ஆல்ப்ஸ் மலையில் 1894லிருந்து வரும் முறை ஒன்று உண்டு: ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் கொடுப்பார். நம் காவலர்கள் பலருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது, ஆனால் நிறுத்தி நிறுத்தி ஒரே சீராக வரும் சத்தம் பறவையில்லை என்று காட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். யானை பக்கத்தில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மட்டும் ஊதாதீர்கள்.

நின்ற இடத்தில் நில் என்ற விதி உடைவது இரண்டு சமயத்தில். ஒன்று பாம்புக்கடி. கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த காலை அசையாமல் வைத்து, உடனே தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கூட்டத்தில் வேகமாக நடக்கும் இருவர் முன்னால் ஓடித் தகவல் சொல்லட்டும். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குமானது. மலையில் சருகுக்குள் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கு அது கேட்பதில்லை, அதனால் தூர இருந்தபடி ஒரு படம் எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும். பிடிக்கப் போகாதீர்கள்.

மற்றது தீ. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல்வெளிப் பாதைகளை மூடிவைப்பது சும்மா இல்லை. தீ மேட்டில் ஏறும் வேகம் சமதளத்தில் போவதைவிடப் பல மடங்கு. சரிவு 10 டிகிரி கூடக் கூட வேகம் இரட்டிக்கும் என்பது தீயணைப்புக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கீழே புகை தெரிந்தால் மேலே ஓடித் தப்பிக்க முடியாது. புல் இல்லாத வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து கரியான தரை, ஈரமான சோலைக்காடு, இவற்றில் எது பக்கமோ அங்கே பக்கவாட்டில் விலகிப் போங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு போன்.

இனி சாட்டிலைட் கருவி. அமெரிக்காவில் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஐபோன் 14 வந்ததிலிருந்து போனிலேயே அங்கே சாட்டிலைட் அவசரச் செய்தி உண்டு. அதே ஐபோனை இங்கே கொண்டுவந்தால் அந்தச் சேவை கிடைக்காது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம். துரையா, இரிடியம் என்ற சாட்டிலைட் சேவைகள் இரண்டுக்கும் தடை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. மலையேறுபவர்கள் கொண்டுபோகும் கார்மின் இன்ரீச் கருவி இரிடியம் வழியாகத்தான் பேசுகிறது. அதைப் பையில் வைத்திருந்ததற்காக விமான நிலையங்களில் வெளிநாட்டுக்காரர்களே பிடிபட்டிருக்கிறார்கள். முறைப்படி வேண்டுமென்றால் பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் போன் வாங்கலாம், ஆனால் நாலு நண்பர்கள் சனி ஞாயிறு போய்வர அதற்கு உரிமம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அண்ணனிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், தலையில் மாட்டும் நல்ல டார்ச் நாலு வாங்கி வரச் சொல்லுங்கள். விசில் இங்கேயே கிடைக்கும், விளையாட்டுச் சாமான் கடையில்.