நியூட்ரினோவுக்கு ஆதரவு, பொட்டிப்புரத்துக்கு எதிர்ப்பு

கேள்வி: அரசியலில் முற்போக்கு, சுற்றுச்சூழல் அக்கறை, அறிவியல் வாசிப்பு, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒத்துப்போகுமா? மோதினால் எதை விடுவீர்கள்?

பெரும்பாலான நாட்களில் ஒத்துப்போகும். கிரகண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கோயில்களில் நடை சாத்தினார்கள். அறிவியல் இயக்கத்தார் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்து, கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்க வைத்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும்போதே பொது இடத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டுவது திராவிடர் கழகத்தாரின் வழக்கம். அந்த மாதிரி நாளில் அரசியலும் அறிவியலும் ஒரே பக்கம் நிற்கும், நமக்கும் ஒரு சிரமமும் இல்லை. எதிரே இருப்பவர் ஜோதிடர், அவ்வளவுதான்.

சிரமம் வருவது நம் மேடையிலேயே, நம் கொடிக்குக் கீழேயே ஒருவர் இயற்பியலைத் தப்பாகப் பேசும்போதுதான். கீழே இருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள். கோரிக்கை நியாயமானது. சொன்ன காரணம் மட்டும் தவறு. அப்போது கைதட்டுவதா, எழுந்து மறுப்பதா?

எனக்கு இந்தக் கேள்வி நியூட்ரினோ விவகாரத்தில் வந்தது. நியூட்ரினோ என்பது அணுவைவிடச் சிறிய, எதையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு துகள். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். தேனி மாவட்டத்தில், தேவாரம் பக்கத்தில் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடையில் வேறு பேச்சு குறைவு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த பிறகு அது பெரிய போராட்டமாகவே ஆனது. அந்தக் கூட்டங்களில் நான் கேட்டவை: நியூட்ரினோ வந்தால் புற்றுநோய் வரும். அமெரிக்காவிலிருந்து பூமி வழியாக நியூட்ரினோவை இங்கே சுடுவார்கள், கதிரியக்கம் பரவும். ஆய்வகம் என்பது சாக்கு, உள்ளே அணுக்கழிவைப் புதைக்கப்போகிறார்கள்.

முதல் இரண்டும் இயற்பியல் சார்ந்தவை, அதனால் அவற்றுக்கு நேரடியாகப் பதில் உண்டு. நியூட்ரினோ என்று ஒன்று இருக்க வேண்டும் என 1930இல் இயற்பியலாளர் பாலி ஊகித்தார். கண்டுபிடிக்க 26 ஆண்டுகள் ஆயின. காரணம், அது எதனோடும் ஒட்டாது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு நொடிக்கு 6,500 கோடி நுழைந்து வெளியேறுகின்றன. பகலில் மேலிருந்து வரும், இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வரும். ஆய்வகம் அவற்றை உற்பத்தி செய்வதில்லை. ஆயிரமாயிரம் கோடியில் ஒன்றாவது இரும்பில் மோதாதா என்று காத்திருப்பதுதான் அதன் வேலை. அதற்காகத்தான் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. மலை எதற்கு என்றால், வானிலிருந்து விழும் மற்ற துகள்களை வடிகட்ட எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டராவது பாறை வேண்டும்.

தூரத்திலிருந்து சுடுவது என்பதும் புதிதல்ல. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு 730 கிலோமீட்டர், 2006 முதல் 2012 வரை பூமிக்கடியில் நியூட்ரினோ கற்றை அனுப்பினார்கள். ஜப்பானில் டோக்காயிலிருந்து கமியோக்காவுக்கு 295 கிலோமீட்டர். இடையில் இருக்கும் ஊர்களில் மேலே மக்கள் நெல் நட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தத் துறையில் ஒரு பழைய பெருமையும் உண்டு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதலில் பதிவு செய்தவர்களில் அவர்கள் இருந்தார்கள். சுரங்கம் மூடப்பட்டது, தொடர்ச்சி அறுந்தது. அதே காற்றுமண்டல நியூட்ரினோக்களை வைத்துத்தான் ஜப்பானியர்கள் 1998இல் நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று காட்டினார்கள். அதற்காக 2015இல் அந்தக் குழுவின் கஜிதாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, கனடாவில் இதே கேள்வியில் வேலை செய்த மெக்டொனால்டோடு பகிர்ந்து. கோலாரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆக, இயற்பியலில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது.

ஆனாலும் நான் பொட்டிப்புரத் திட்டத்தை எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். ஏனென்றால் துகள் செய்யாததை மலை குடைவது செய்யும்.

திட்ட ஆவணத்தில் முக்கியக் குகையின் அளவு 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், 68,640 கன மீட்டர். பாறை கன மீட்டருக்கு 2.7 டன் என்று வைத்தால் 1.85 லட்சம் டன். இது குகை மட்டும். அதற்குப் போகும் சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் நீளம், ஏழரை மீட்டர் அகலம். அதையும் சேர்த்தால் மொத்தம் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். இவ்வளவையும் வெடி வைத்து உடைத்து, லாரியில் ஏற்றி, எங்கேயாவது குவிக்க வேண்டும். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். மேடையில் புற்றுநோய் பற்றிப் பேசியவர்கள் யாரும் இந்தப் பெருக்கலைச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கூட்டத்தில் இருந்த எந்த விவசாயிக்கும் லாரி நடை என்றால் என்னவென்று தெரியும். வதந்தியே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது, இடம். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால் 2009இல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மறுத்துவிட்டார். அப்புறம்தான் தேனி. இங்கே கேரள எல்லை கூப்பிடு தூரம். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது. ஆனால் இந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கப்பட்டது எந்தப் பிரிவில் தெரியுமா? கட்டடம், கட்டுமானப் பணிகள் என்ற பிரிவில். அதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் வணிக வளாகத்துக்கும் எந்தப் படிவமோ அதே படிவம்.

இந்த ஓட்டையைப் பிடித்தது பூவுலகின் நண்பர்கள் அமைப்பு. 2017 மார்ச்சில் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே, 2015இல், வைகோ தொடுத்த வழக்கில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருந்தது. 2018இல் மத்திய அமைச்சகம் இதை ஒரு தனிச்சிறப்பு நேர்வாக எடுத்துக்கொண்டு மீண்டும் அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்ய மறுத்தது, ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்றே எழுதிக் கொடுத்தது. மதிகெட்டானுக்கும் பெரியாற்றுக்கும் இடையிலான புலி வழித்தடம், கொட்டக்குடி ஆற்றின் நீர்ப்பிடிப்பு என்று அதில் சொன்ன காரணங்களில் புற்றுநோய்க்கு வேலையே இல்லை. நீதிமன்றத்தில் நின்றது எது, மேடையோடு போனது எது என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதற்காக இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் தோழர்கள் சிலர், “போராட்டம் நடக்கும்போது இயற்பியல் பாடம் எடுக்காதே, அது எதிரிக்குத்தான் உதவும்” என்றார்கள். இது மேலோட்டமாக நியாயம் போலத் தெரியும். ஆனால் நடந்தது என்ன? நாட்டின் பெரிய விஞ்ஞானிகளுக்கு மறுப்பதற்கு எளிதான கேள்வியை நாமே தட்டில் வைத்துக் கொடுத்தோம். அவர்கள் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்து, நியூட்ரினோ ஆபத்தில்லாதது என்று பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார்கள். பார்த்தவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது போல இருந்தது. கட்டடப் பிரிவில் ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுபக்கம், அறிவியல் ஆர்வலர்கள். இவர்களில் பலருக்கு எதிர்ப்பு என்றாலே அறியாமைதான். பொட்டிப்புரத்து ஆட்களுக்கு நியூட்ரினோவைப் புரியவைத்தால் போதும், எதிர்ப்பு போய்விடும் என்று நினைத்தார்கள். திட்டத்துக்கு ஒதுக்கியது 66 ஏக்கர் அளவுக்குப் புறம்போக்கு. காகிதத்தில் புறம்போக்கு, ஊருக்கு அது மேய்ச்சல் நிலம். மலைமாடு வைத்திருப்பவருக்கு வேலி எங்கே வரும், மாட்டை எந்த வழியாக ஏற்றுவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத் துகள் இயற்பியலில் பதில் கிடையாது. “நாட்டுக்காகத் தியாகம் செய்யுங்கள்” என்று சொல்பவர்கள் எப்போதும் ஏன் தேனி, கூடங்குளம் பக்கமாகவே பார்த்துச் சொல்கிறார்கள் என்பது அரசியல் கேள்வி. அதைக் கேட்பதற்குத்தான் முற்போக்கு அரசியல் என்று பெயர்.

அறிவியல் வாசிப்பு எதிர்ப்பைக் கெடுக்கும் என்பவர்களுக்காக இன்னொன்று. கிரான் சாசோ ஆய்வகத்தைப் பற்றிப் படித்தால் நம் தரப்புக்கு எவ்வளவு சரக்கு கிடைக்கும் தெரியுமா? அதுவும் மலைக்கு அடியில்தான், அதுவும் இன்று தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக்காக அந்த மலையில் சுரங்கம் தோண்டியபோதே நிலத்தடி நீர்மட்டம் பெருமளவு இறங்கியது. 2002 ஆகஸ்டில் அங்கிருந்த ஒரு நியூட்ரினோ சோதனைக் கருவியிலிருந்து ஏறக்குறைய 50 லிட்டர் வேதித் திரவம் சிந்தி ஓடையில் கலந்தது. அடுத்த ஆண்டு ஆய்வகத்தின் ஒரு பகுதியை நீதித்துறையே பூட்டி சீல் வைத்தது. நியூட்ரினோ ஆய்வகத்தில் பயப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி, திரவங்களைப் பற்றி, சுரங்கத்தைப் பற்றி.

பொட்டிப்புரத்தில் அந்தத் திரவம் கிடையாது, கருவி வேறு வகை. ஆனால் அந்தக் கருவிக்குள் ஓடவேண்டிய வாயுக் கலவையைப் பாருங்கள். 95 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆர்134ஏ, கார் ஏசியில் போடும் அதே வாயு. கொஞ்சம் ஐசோபியூட்டேன், துளி சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு. நூறாண்டுக் கணக்கில் ஆர்134ஏ கரியமில வாயுவைப்போல 1,300 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு 20,000 மடங்குக்கும் மேல். மூடிய சுற்றில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் திட்டம் என்றார்கள். சரி, கசிவு எவ்வளவு, யார் அளப்பார்கள்? இவ்வளவு ஆண்டுப் போராட்டத்தில் நான் கேட்ட ஒரு மேடையிலும் இந்தக் கேள்வி வரவில்லை. கதிர்வீச்சு என்ற சொல்லில் இருக்கும் கவர்ச்சி, பாவம், ஏசி வாயுவுக்கு இல்லை.

மரபணு மாற்றுக் கத்தரிக்காயிலும் இதே கதைதான். 2010இல் அது நிறுத்திவைக்கப்பட்டபோது, சாப்பிட்டால் என்ன ஆகும் என்ற பேச்சு ஓங்கி, விதை யார் கையில் இருக்கும் என்ற பேச்சு அமுங்கிவிட்டது. இரண்டாவது கேள்விதான் வலுவானது என்பது என் கருத்து. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பொட்டிப்புரத்தில் மலை குடையப்படவில்லை. அதில் எனக்கு நிம்மதி. அதே நேரத்தில், மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது பெரிது, எது சிறிது என்ற கேள்விக்கு விடை தேடி, சீனாவின் ஜூனோ ஆய்வகம் 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் திரவத்தோடு 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நம் ஆய்வகமும் தேட இருந்தது அதே விடையைத்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒழுங்கான இடத்தில், ஒழுங்கான பிரிவில் விண்ணப்பித்து வந்தால் முதல் ஆளாக ஆதரித்து எழுதுவேன். நிம்மதி, வருத்தம் இரண்டில் ஒன்றைத் துறந்தால்தான் தோழர் என்று யாராவது சொன்னால், அவர்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதை விடுவீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எதையும் விடுவதில்லை. நியூட்ரினோ என்ன செய்யும் என்று இயற்பியலிடம் கேட்கிறேன், ஊற்று வற்றுமா என்று நீரியலிடம், இழப்பு யாருக்கு என்று அரசியலிடம். ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்பதில்லை.

வாசிப்பை எங்கே தொடங்குவது என்றால், அறிவியல் நூல்களுக்கு முன்னால் திட்ட அறிக்கைகளைப் படியுங்கள் என்பேன். பொதுக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் தமிழில் கிடைக்கும். முழு அறிக்கை நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இந்த மொழிச் சண்டை சின்ன விஷயம் இல்லை. 2020இல் மதிப்பீட்டு விதிகளையே மாற்றும் வரைவு வந்தபோது, மக்கள் கருத்துச் சொல்ல இருந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தார்கள். அந்த வரைவை 22 மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் பகுதிக்கு ஏதாவது திட்டம் வந்தால், சுருக்கத்தோடு நின்றுவிடாமல் முழு அறிக்கையைத் தமிழில் கேட்டு மனுப் போடுங்கள். கிடைக்கும்வரை ஆங்கில அறிக்கையில் நீரியல் அத்தியாயத்தையும், எந்தப் பிரிவில் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்ற முதல் பக்கத்தையும் இயற்பியலோ வேதியியலோ தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் உங்கள் கட்சியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.