மறு: வெயிலே படாத ஆழத்தில் பவளம் இருக்குமா?

வணக்கம் சகோ. "பவளத்துக்கு வெயில் வேண்டும், ஆழ்கடலில் இருக்காது" என்று மகளின் கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஆழ்கடலிலும் பவளம் உண்டு என்று மகள் எழுதியதுதான் சரி! வெயில் கேட்பது பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிதான். ஆழத்துப் பவளங்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பாசியே கிடையாது. கடல் சாமந்தி மாதிரியே உணர்கொம்புகளை விரித்து, நீரோட்டத்தில் மிதந்து வரும் சின்னஞ்சிறு உயிரிகளைக் கொட்டும் செல்களால் பிடித்துத் தின்னும்.

நார்வே கடலில் 2002இல் கண்டறிந்த ரோஸ்ட் பவளத்திட்டைச் சொல்லுங்கள்: 300 முதல் 400 மீட்டர் ஆழம், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளம். அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது: ஹவாய் ஆழத்துக் கருப்புப் பவளம் ஒன்றை ரேடியோகார்பன் முறையில் பார்த்தபோது வயது 4,265 ஆண்டு வந்தது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மதிப்பெண்ணைத் திருத்தித் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.